இரண்டு பள்ளிக்கூடமும் ஒரு வாய்ப்பாடும்

வவ்வால் நாற்றம் அடிக்கும் கல் மண்டபத்தில்தான் எங்கள் ஊரின் முதல் பள்ளிக்கூடம் நடந்தது. ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, கொள்ளிடத்தின் எதிர்க்கரையில், எண்ணி நாற்பது வீடுள்ள ஊருக்கு இரண்டு பள்ளிக்கூடங்கள் இருந்தன என்றால் இன்றைக்கு யாரும் நம்புவதில்லை. ஒன்று ஐயங்கார் வாத்தியார் நடத்திய ‘மண்டபப் பள்ளிக்கூடம்’. அதில் மூன்றாம் வகுப்பு வரைதான். மற்றது மாதா கோயிலை ஒட்டி ஓட்டுக் கட்டடத்தில் டீச்சரம்மா ஒருவர் நடத்தியது. அங்கே ஐந்து வரை உண்டு. நான் மூன்றில் இருந்தேன். ஆற்றைத் தாண்டிப் பெண்பிள்ளையை அனுப்பமாட்டேன் என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், மேலே படிக்க எனக்கிருந்த ஒரே வழி மாதா கோயில் பள்ளிக்கூடம்தான்.

இரண்டிலும் பிள்ளைகள் குறைவு. அதனால் இன்ஸ்பெக்டர் வரும் நாளில், இங்கத்துப் பிள்ளைகளை அங்கே கொண்டுபோய் உட்காரவைத்துத் தலைக்கணக்கைச் சரிக்கட்டுவார்கள். எங்களுக்குக் ‘கைமாத்துப் பிள்ளைகள்’ என்றே பேர். சாமி வேறு என்றாலும் இந்த விஷயத்தில் வாத்தியாரும் டீச்சரம்மாவும் ஒரே கட்சி.

அந்த வருஷம் வந்த புது இன்ஸ்பெக்டர், இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடுகிறேன் என்று உட்கார்ந்துவிட்டார். காலையில் மண்டபத்தில் அவர் கேட்டதும் பதினாறாம் வாய்ப்பாட்டை ஒரே மூச்சில் ஒப்பித்தேன், ‘சபாஷ்’ என்றார். அவர் சாப்பிடப் போன நேரத்தில் வாத்தியார் எங்களில் பத்துப் பேரை, பொட்டை அழித்து, ஒற்றைப் பின்னலை இரட்டைப் பின்னலாக்கி, மாதா கோயிலுக்கு ஓட்டிவிட்டார். கடைசி வரிசையில் உட்கார், வாயைத் திறக்காதே என்று எனக்கு மட்டும் தனியாகச் சொல்லி அனுப்பினார்.

அங்கேயும் இன்ஸ்பெக்டர் அதே வாய்ப்பாட்டைத்தான் கேட்டார். ஒருவருக்கும் வரவில்லை. முன்வரிசையில் ஒருத்தி ஆறு பதினாறு எண்பத்தாறு என்றாள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எப்போது எழுந்தேன் என்று தெரியாது. கடைசி வரை சொல்லி முடித்துவிட்டுத்தான் நிறுத்தினேன்.

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். “ஏம்மா, காலையிலதான சொன்ன? இந்த ஊர்ல படிக்கிற புள்ள நீ ஒருத்திதானா?”

சிரித்துக்கொண்டேதான் ரிப்போர்ட் எழுதினார். ஆனால் ஒரு பிள்ளைக்கு ஒரு பள்ளிக்கூடம்தான் என்று மேலிடத்து உத்தரவு வந்து, எண்ணிக்கை போதாமல், முழுப் பரீட்சை லீவோடு மாதா கோயில் பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள். டீச்சரம்மா சமயபுரம் பக்கம் மாற்றலாகிப் போனார். பஸ் ஏறும்போது என் கன்னத்தைத் தட்டினார். வாத்தியார்தான், “உன் சமத்தே உனக்கு எமனாப் போச்சேடி” என்றார். என் படிப்பு மூன்றோடு நின்றது.

இப்போது மண்டபமும் இல்லை. ரோட்டை அகலப்படுத்தியபோது போய்விட்டது. ஓட்டுக் கட்டடம் இருந்த இடத்தில் லாரி ஷெட். ஊர்ப் பிள்ளைகள் வேன் ஏறித் தென்னூருக்குப் படிக்கப் போகிறார்கள். ஊர் வரலாறு எழுதுகிறோம் என்று ஒரு டீச்சர் என்னிடம் வந்து கேட்டபோது நடந்ததை அப்படியே சொன்னேன். “அதெல்லாம் வேணாங்க பாட்டி, ஊருக்குத்தான் அசிங்கம்” என்று நோட்டை மூடிக்கொண்டாள். புத்தகம் வந்ததும் எழுத்துக்கூட்டிப் படித்தேன். ‘போதிய மாணவர் இல்லாததால் மூடப்பட்டது’ என்று ஒரே வரி. அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

மாணவர் இருந்தார்கள். நான் இருந்தேன்.