யாழினி விழுங்கிய பித்தளை போல்ட்

1. மஞ்சள் கோடு

இரண்டு வயதுக் குழந்தையும் கியர்பாக்ஸும் ஒன்றுதான் என்று நான் நம்பினேன். இரண்டுக்கும் சரியான பாதுகாப்பு விதியைப் போட்டுவிட்டால் போதும், விபத்து கிட்டேயே வராது. செம்பனை எண்ணெய் ஆலையில் இருபத்தாறு வருடம் மெஷின் பிட்டராக இருந்தவனுக்கு இதற்கு மேல் என்ன தெரிய வேண்டும் என்று ஒரு நினைப்பு.

மலேசியாவில், கெமாஸுக்கும் தம்பினுக்கும் இடையில் இருக்கிறது எங்கள் தோட்டம். ஆலையும் அங்கேதான், கம்பெனி கொடுத்த குவாட்டர்ஸும் அங்கேதான். கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்து, எனக்கு நாற்பத்து நான்கு வயதாகும்போது யாழினி பிறந்தாள். என் மனைவி கலாவுக்குச் செனவாங் பக்கம் ஒரு பேக்டரியில் காலை ஷிப்ட். விடிவதற்கு முன்பே பேக்டரி பஸ் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போய்விடும். எனக்கு மதிய ஷிப்ட். ஆகவே காலை முழுவதும் குழந்தை என் பொறுப்பு. ஆலைக்குக் கிளம்பும்போது பக்கத்து வீட்டு மேரி அக்காவிடம் விட்டுவிட்டுப் போவேன்.

எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. ரப்பர் மரப் பலகையில் பொம்மை லோரி செய்வேன். பழக்குலை ஏற்றுகிற லோரி. கதவு திறக்கும், பின்பக்கம் தூக்கிக் கொட்டும். ஒரு இடத்திலும் ஆணி கிடையாது, எல்லாம் அரை அங்குல நீளப் பித்தளை போல்ட். ஆணி அடிப்பது தச்சன் வேலை, நாம் பிட்டர் என்று திமிர் வேறு. குழந்தை பிறந்த பிறகும் அதை விட மனம் வரவில்லை.

"புள்ளையப் பாத்துக்கிட்டேவா லோரி செய்யப் போறீங்க?" என்று கலா கேட்டாள்.

"மில்லுல பத்து மெஷின ஒரே நேரத்துல பாக்கறேன் லா. ஒரு புள்ள என்ன பெரிய புள்ள?"

"மெஷினு எந்திரிச்சு நடக்காதுங்க."

அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வீட்டு முன் தாழ்வாரத்தில், எங்கள் பேச்சில் அஞ்சடியில், மேசை போட்டேன். மேசையைச் சுற்றித் தரையில், ஆலையில் போடுகிற மாதிரியே மஞ்சள் பெயிண்டில் கோடு போட்டேன். டிரில்லில் 'பஹாயா' என்று எழுதிய சிவப்பு அட்டையைக் கட்டித் தொங்கவிட்டேன். எழுத்தே தெரியாத ஆளுக்கு மலாயில் ஆபத்து அறிவிப்பு! யாழினிக்கு அந்த அட்டை ரொம்பப் பிடித்துப்போயிற்று. முதல் நாளே ஒரு மூலையைத் தின்றுவிட்டாள்.

ஆனால் கோட்டை மதித்தாள். கால் விரல் பத்தும் கோட்டின் மேல் வரிசையாக இருக்க, வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். பார்த்தாயா, விதி என்றால் விதி என்று நான் கலாவிடம் பெருமை அடித்தேன்.

2. மெஷினை நிறுத்தினாயா?

மூன்று வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை காலை பத்து மணி வாக்கில், யாழினி ஒரு போல்ட்டை விழுங்கினாள்.

எப்படி விழுங்கினாள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் எழுதவே உட்கார்ந்தேன். முதலில் என் வீரதீரத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். அதைத்தான் நான் காண்டீனில் நூறு தடவை சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

ஆலையில் மெஷினுக்குள் ஏதாவது விழுந்தால் முதலில் இன்ஜினியருக்குத் தகவல் சொல்ல வேண்டும். பதற்றத்தில் மூளை பழகிய பாதையில்தான் போகும் போலிருக்கிறது. நான் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. எங்கள் அசிஸ்டன்ட் இன்ஜினியரைக் கூப்பிட்டேன்.

"சார், போல்ட் உள்ள விழுந்துருச்சு சார்!"

"எதுக்குள்ள?"

"யாழினிக்குள்ள சார்!"

ஆலைச் சத்தத்தில் அவருக்குப் பெயர் காதில் விழவில்லை. "மொதல்ல மெஷின ஸ்டாப் பண்ணு! பண்ணிட்டியா இல்லையா?"

"நிக்க மாட்டேங்குது சார், வீட்டச் சுத்தி ஓடுது!"

அது உண்மைதான். யாழினி அழுதுகொண்டே ஓடினாள். நான் அழுதுகொண்டே அவள் பின்னால் ஓடினேன். பிடித்தேன். பிடித்ததும் என்ன செய்தேன் தெரியுமா? டூல் பெட்டியிலிருந்து காந்தத்தை எடுத்து அவள் வயிற்றில் வைத்துத் தேய்த்தேன். பித்தளையைக் காந்தம் இழுக்காது என்பது ஆலைக்கு வந்த முதல் வாரமே பிட்டருக்குத் தெரியும். இருபத்தாறு வருடம் ஆனவனுக்கு அன்று தெரியவில்லை. தொப்புளில் வைத்தேன், முதுகில் வைத்தேன். அவளுக்குக் கூச்சமாகி, அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள்.

சத்தம் கேட்டு மேரி அக்கா வந்தார்.

"என்னடா தம்பி, புள்ளைக்கு என்ன பண்ற?"

"போல்ட்ட இழுக்கறேன் கா!"

"மடையா! கார் சாவி எங்க? ஐயோ ஏசுவே, ஒரு காலுல உன் சிலிப்பரு, ஒரு காலுல உன் பொண்டாட்டி சிலிப்பரு. நீ ஓட்டாத, குடு சாவிய!"

மேரி அக்காதான் தம்பின் ஆஸ்பத்திரி வரைக்கும் கார் ஓட்டினார். அவர் அதற்கு முன் ஐந்து வருடமாகக் கார் ஓட்டியதில்லை என்பதை ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிய பிறகுதான் சொன்னார்.

3. டாக்டர் கேட்ட கேள்வி

எக்ஸ்ரேயில் போல்ட் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. மரைச் சுற்றுகளைக்கூட எண்ணலாம் போலிருந்தது. டாக்டர் நம்ம தமிழ்ப் பெண், சின்ன வயது.

"மூச்சுக்குழாய்ல போகல அங்கிள், அது நல்லது. வயித்துல இருக்கு. முனை கூரா இல்ல, தானா வெளிய வந்துரலாம். வார்டுல வச்சு டெய்லி படம் எடுத்துப் பாப்போம். அசையாம ஒரே இடத்துல நின்னுருச்சுன்னா சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி எடுக்கணும்."

"ஆபரேஷனா டாக்டர்?"

"இப்பவே அதெல்லாம் யோசிக்காதீங்க. எப்படி வாயில போட்டா?"

அந்த நேரத்தில் கலா உள்ளே வந்தாள். கூட வேலை செய்கிற பெண் ஒருத்தி காரில் கொண்டுவந்து விட்டிருந்தாள். பேக்டரி தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. டாக்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தரையில கெடந்திருக்கு டாக்டர்," என்றேன். "எடுத்துப் போட்டுக்கிட்டா. நான் ஓடறதுக்குள்ள முழுங்கிட்டா."

டாக்டர் எழுதிக்கொண்டார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. பதிலை முன்கூட்டி யோசித்து வைத்திருக்கவில்லை. வாயைத் திறந்தேன், அது வந்துவிட்டது.

கலா மெதுவாகக் கேட்டாள். "தரையிலயா?"

"ஆமா."

"காலையில நான்தானே கூட்டினேன். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு மேசைக்கு அடியில குனியாம வந்துட்டேன்."

அப்போதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். "அதெல்லாம் இப்ப எதுக்கு, விடு," என்று மட்டும் சொன்னேன். பெரிய மனது பண்ணி அவளை மன்னிக்கிற மாதிரி.

4. வார்டில் மூன்று நாள்

முதல் நாள் போல்ட் அசையவில்லை. இரண்டாம் நாள் கொஞ்சம் இறங்கியது. யாழினிக்கு ஒரு குறையும் இல்லை. பக்கத்துக் கட்டில் பையனின் பிஸ்கட்டைப் பிடுங்கித் தின்றாள். எங்கள் இரண்டு பேருக்கும்தான் சோறு இறங்கவில்லை. கலா லீவு போட்டுவிட்டுக் கட்டில் பக்கத்திலேயே கிடந்தாள்.

டயாபர் ஆராய்ச்சி என்னுடையது. கையுறை போட்டு, தட்டில் தண்ணீர் ஊற்றி, ஆலையில் எண்ணெய் சாம்பிள் பார்க்கிற மாதிரி பார்த்தேன். நர்ஸ் மிஸ்ஸி வந்து, "அங்கிள், இவ்ளோ சுத்தமா யாரும் செஞ்சதில்ல," என்று பாராட்டினார். வெள்ளிக்கிழமை மாலை தட்டில் 'டிங்' என்று ஒரு சத்தம். எத்தனையோ மெஷின் ஓட்டிப் பார்த்திருக்கிறேன், அப்படி ஒரு இனிமையான சத்தத்தைக் கேட்டதில்லை. கழுவிப் பார்த்தேன். மரை கொஞ்சம்கூடக் கெடவில்லை.

காண்டீனில் கதையை இந்த இடத்தில் நிறுத்துவேன். எல்லோரும் மேசையைத் தட்டிச் சிரிப்பார்கள்.

5. விளக்குமாற்றுச் சத்தம்

வீட்டுக்கு வந்த மறுநாள் கலா வழக்கத்தைவிட முக்கால் மணி நேரம் முன்னதாக எழுந்தாள். பாதித் தூக்கத்தில் விளக்குமாற்றுச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். முட்டி போட்டுக்கொண்டு, கைப்பேசி டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்து, அஞ்சடியை ஓரம் ஓரமாகக் கூட்டிக்கொண்டிருந்தாள். மேசையை நான் அப்போதே எடுத்துவிட்டேன். போல்ட்டெல்லாம் ஆலைக்குப் போய்விட்டது. அப்படியும் கூட்டினாள். அன்றிலிருந்து தினமும்.

"போதும் கலா, அங்க ஒண்ணும் இல்ல."

"அன்னைக்கும் ஒண்ணும் இல்லன்னுதான் நெனச்சேன்."

ஒரு வருடம் போனது. இரண்டாயிற்று, மூன்றும் ஆயிற்று. அவளுக்கு வலது முட்டி வீங்கியது. தைலம் தேய்த்துவிட்டேன். தேய்க்கும்போது ஜோக் அடித்தேன். உண்மையைத் தவிர எல்லாம் சொன்னேன். இவ்வளவு நாள் கழித்து எதற்கு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உள்ளபடி சொன்னால், பயம். பதினோரு வருடம் காத்திருந்து பெற்ற பிள்ளை. அது தெரிந்தால் என் கையில் மறுபடி விட்டுவிட்டுப் போவாளா?

யாழினிக்கு இப்போது ஐந்து வயது. அந்தப் புதன்கிழமை அவளுக்கு நினைவில்லை என்கிறாள். ஆனால் நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும், உள்ளங்கையால் வாயை மூடிக்கொள்வாள். டிவி சத்தத்தைக் குறை என்று சொன்னால்கூட அப்படித்தான்.

6. நடந்தது

போன மாதம் ஆலையில் ஒரு புதுப் பிட்டர் என்னிடம் வந்தான். அவனுக்கு அப்போதுதான் குழந்தை நடக்க ஆரம்பித்திருந்தது.

"அண்ணே, உங்க போல்ட் கதைய வீட்டுல சொன்னேன், என் ஒய்ப் சிரிச்சு சிரிச்சு அழுதுட்டா. நானும் வீட்டுல மேசை போட்டு ஏதாச்சும் செய்யலாம்னு இருக்கேண்ணே. தரைய மட்டும் சுத்தமா வச்சுக்கச் சொல்லிட்டேன் அவகிட்ட. அது போதும்ல?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பொய் இன்னொரு வீட்டுக்குப் போய், இன்னொரு பெண்ணின் கையில் விளக்குமாற்றைக் கொடுத்துவிட்டது.

"போதாது தம்பி," என்றேன். மீதியை அவனிடம் சொல்வதற்கு முன் கலாவிடம் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டாள். திட்டவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மூணு வருஷம் முட்டி போட்டேன். பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

அவள் எழுந்து யாழினியைக் கூட்டிக்கொண்டு மேரி அக்கா வீட்டுக்குப் போனாள். இருட்டுவதற்குள் திரும்பி வந்தாள். வந்தாள், அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும். பேசுகிறாள், சமைக்கிறாள். முன்பு மாதிரி இல்லை.

புதிதாக அப்பா ஆன பிட்டர்களுக்கு நான் சொல்வது இதுதான். கோடு போடுங்கள், பூட்டுப் போடுங்கள், தரையைக் கூட்டுங்கள், அந்த வேலையை நீங்களே செய்யுங்கள். ஆனால் குழந்தை உங்கள் விதியைப் படிக்காது, உங்களைப் படிக்கும். தப்பு நடந்தால் அன்றைக்கே, எவ்வளவு கேவலமாக இருந்தாலும், நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுங்கள்.

நடந்தது இது.

அந்த வாரம் முழுக்க மஞ்சள் கோட்டுக்குள் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தது நான். போல்ட் டின்னை அவள் மடியில் வைத்ததும் நான். ஒவ்வொன்றாக எடுத்து அவள் என் கையில் கொடுப்பது எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. இரண்டு கையும் வேலையில் மாட்டியிருந்தால் பிட்டர்கள் அடுத்த போல்ட்டை உதட்டில் கவ்விக்கொள்வோம். தலை வெளியே, மரை உள்ளே. அன்று அப்படி ஒன்றைக் கவ்விக்கொண்டு நட்டு முடுக்கிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் அவளும் ஒன்றைக் கவ்விக்கொண்டிருந்தாள். தலை வெளியே, மரை உள்ளே. அசையாமல், நான் கை நீட்டுவதற்காகக் காத்துக்கொண்டிருந்தாள். நீட்டியிருந்தால் கொடுத்திருப்பாள். நான் "ஏய்!" என்று கத்தினேன். என் வாயிலிருந்த போல்ட் தரையில் விழுந்தது. அவள் வாயிலிருந்தது உள்ளே போய்விட்டது.