நான் போட்ட ஆப்சென்ட்

நெய்வேலியில் ஒருவரை முதன்முதலாகப் பார்த்தால் பெயருக்கு முன்னாலேயே கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. பர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா? பதிலைப் பொறுத்துத்தான் நாற்காலி வரும், காபி வரும். மென்பொருள் வேலைக்குச் சென்னை போனேன். அங்கேயும் அதே கேள்வி வேறு சட்டை போட்டுக்கொண்டு நின்றது. என்ன லாங்குவேஜ்ல வேலை செய்றீங்க? கம்ப்யூட்டர் மொழியைத்தான் கேட்கிறார்கள். பைத்தான் என்றால் ஒரு மரியாதை. பழைய ஃபாக்ஸ்ப்ரோ என்றால், "அது இன்னும் உயிரோட இருக்கா?" என்று ஒரு சிரிப்பு. நான் தொழிலைத் தொடங்கியதே ஃபாக்ஸ்ப்ரோவில்தான். இரண்டாவது வேலைக்கு மனுப் போடும்போதே அந்த வரியை பயோடேட்டாவிலிருந்து தூக்கிவிட்டேன். நாலு காசு வந்ததும் ஏழைச் சொந்தக்காரரைத் தெரியாத மாதிரி போவார்களே, அந்தப் புத்திதான். பிறகு அந்தச் சிரிப்பில் நானும் சேர்ந்துகொண்டேன்.

பைத்தான் மேல் எனக்கிருந்தது மோகம். எழுதி முடித்துவிட்டு ஒருமுறை மேலிருந்து கீழே வாசித்துப் பார்ப்பேன், சும்மா, ஆசைக்கு. அத்தனை சுத்தமாக இருக்கும். பழைய மொழிகளில் எழுதுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். மனிதரைப் பற்றி அப்படி நினைக்கக் கூச்சப்பட்டிருப்பேன், மொழியைப் பற்றி என்பதால் கூசவில்லை.

இப்போது வீட்டிலிருந்தே வேலை. வீடு நெய்வேலியை ஒட்டிய வடக்குத்து என்ற ஊரில். இரண்டு தெரு தள்ளி, சுரங்கத்துக்கு ஆள் அனுப்பும் ஒரு சின்ன கான்ட்ராக்டரின் ஆபீஸ் இருக்கிறது. இருபத்திரண்டு வயதில் அவர்களுக்கு ஓர் அட்டெண்டன்ஸ் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன், ஃபாக்ஸ்ப்ரோவில். அது இன்னும் ஓடுகிறது என்று போன வருஷம் தெரிந்தபோது பெருமை வரவில்லை, வெட்கமாக இருந்தது. நானே வலியப் போய், "அதைத் தூக்கிப் போடுங்க, பைத்தான்ல புதுசா எழுதித் தரேன்" என்றேன். பழையதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அதில் பார்க்க என்ன இருக்கிறது? இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை முடிந்தது. என்னுடைய நேரங்களையே போட்டுச் சோதித்தேன். காலை ஒன்பது, மாலை ஆறு. எல்லாம் சரியாக வந்தது.

அந்த ஆபீஸில் ஒரு வழக்கம். மாதம் முடிந்ததும் எல்லாருடைய வருகையையும் அச்செடுத்து வாசல் சுவரில் ஒட்டுவார்கள். தப்பிருந்தால் வந்து சொல்ல வேண்டும். புதுப் புரோகிராமின் முதல் பட்டியல் ஒட்டிப் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு காலையில் கம்மாபுரத்துக்காரர் ஒருவர் என் வீட்டுக் கதவைத் தட்டினார். சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் பம்பைப் பார்த்துக்கொள்பவர். அந்த ஆபீஸ் ஆட்களில் சி ஷிப்ட், அதாவது ராத்திரி பத்து முதல் காலை ஆறு வரை, போகிறவர் அவர் ஒருவர்தான். தூங்காத கண் சிவந்திருந்தது.

"ஒரு நாளுகூட நான் லீவு போடலீங்க சார். மாசம் பூரா ஆப்சென்ட்னு வந்திருக்குது."

"சூப்பர்வைசர்கிட்ட சொன்னீங்களா? மாத்திடுவாங்களே."

"மாத்திக்கலாம்னுதாங்க சொன்னாரு. அது இல்லீங்க." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "என் மச்சான் அந்தச் செவுத்துல படிச்சிட்டு வூட்டுல சொல்லிட்டான். ராவானா எங்க போறன்னு கேக்கறா. பம்புகிட்ட நான் ஒண்டிதாங்க. பாத்தன்னு சொல்ல ஆளு இல்ல. பத்து நாளா எங்கிட்ட பேச மாட்டேங்கறா."

அவரை உட்காரச் சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தேன். ராத்திரி பத்து மணிக்கு, அதாவது கம்ப்யூட்டர் கணக்கில் இருபத்திரண்டுக்கு, உள்ளே. காலை ஆறு மணிக்கு வெளியே. ஆறிலிருந்து இருபத்திரண்டைக் கழித்து, பூஜ்யத்துக்குக் கீழே போனதால் ஆள் வரவில்லை என்று முடிவு கட்டியிருந்தது என் சுத்தமான புரோகிராம். அப்போதுதான் பழையதைத் திறந்தேன். வெளியே போன நேரம் உள்ளே வந்த நேரத்தைவிடக் குறைவாக இருந்தால் ஒரு நாளைக் கூட்டு என்று இரண்டே வரி அங்கே இருந்தது. யாரும் சொல்லி எழுதியதில்லை. அப்பா சி ஷிப்ட் போன வாரங்களில் ஒன்பது மணிக்கு டிபன் கேரியர் கட்டுவதும், காலையில் அவர் தூங்கும்போது நாங்கள் கிசுகிசுவென்று பேசிக்கொள்வதுமான குவார்ட்டர்ஸில் வளர்ந்த பையன் எழுதியது. அந்தப் பையனையும் சேர்த்துத்தான் நான் பயோடேட்டாவிலிருந்து தூக்கியிருக்கிறேன். பைத்தான்மேல் குற்றமில்லை, அதில் அந்த இரண்டு வரியை எழுத ஒரு நிமிஷம்தான் ஆனது. திருத்திய பட்டியலை அச்செடுத்தேன்.

"மிஷினு தப்புங்களா சார்?"

"இல்லீங்க. என் தப்பு."

"இத வந்து அவகிட்ட சொல்றீங்களா?" என்றார்.

அவர் பைக்கின் பின்னால் உட்கார்ந்து போனேன். அவர் மனைவி கொல்லையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். திருத்திய பட்டியலை நீட்டினேன், வாங்கவில்லை. தேதி தேதியாக வாசித்தேன்.

"மத்தவங்களுக்கெல்லாம் சரியா வந்து, இவுருக்கு மட்டும் எப்படிங்க தப்பா வரும்?"

நியாயமான கேள்வி. என் டீமில் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள், நானே கேட்கவில்லை.

"ராத்திரி வேலைக்குப் போறவர் இவர் ஒருத்தர்தாம்மா. ராத்திரியில ஒரு ஆள் வேலை செய்வார்னு நான் நெனச்சே பாக்கல. தப்பு பண்ணினது நான்."

அவர் என்னைத் திட்டுவார் என்று நின்றேன். என் பக்கம் திரும்பவேயில்லை. கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்தார்.

"நான் மூஞ்சி குடுத்துப் பேசாத நாளெல்லாம், ராவு பூரா அங்க ஒண்டியாவா குந்திக்கினு இருந்த?"

"பம்பு ஓடிக்கினு இருக்குமில்ல" என்றார் அவர். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டார்.