கேள்விக்குப் பதில் மறுநாள்

கல்லூரி ஆபீஸிலிருந்து சுற்றறிக்கை வந்திருக்கிறது. பாடத்தின் விதிமுறைகளையும் மாணவர்களிடம் எதிர்பார்ப்பதையும் அச்சடித்து முதல் நாளே கொடுத்துவிட வேண்டுமாம். ஜெராக்ஸ் கடைக்காரர் நீட்டிய தாள்கள் இன்னும் சுடுகின்றன. மேலே இருந்த பாடத்தின் பெயரைப் படித்ததுமே தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். ரியல் அனாலிசிஸ் என்ற கணிதத் தலைப்பைப் பார்த்தாலே எனக்கு அப்படித்தான். பாதி வாழ்நாள் அதைத்தான் நடத்தியிருக்கிறேன் என்பதை வெளியே சொல்லிவிடாதீர்கள்.

அறுபதுகளின் கடைசியில் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் லீவ் வேகன்ஸியில் சேர்ந்தேன். மூத்த ஆசிரியர் ஒருவர் உடம்பு முடியாமல் போக, அவருடைய ரியல் அனாலிசிஸ் என் தலையில் விழுந்தது. ஒழுங்காக நடத்தினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் கோடை விடுமுறையோடு வீடு. பெண் நிச்சயமாகி, வேலை நிலைக்கட்டும் என்று வருங்கால மாமனார் வேறு காத்திருந்தார். எனக்கோ அந்தப் பாடத்தின் எப்சிலானும் டெல்டாவும் பரீட்சைக்கு முந்தின நாள் அறிமுகமாகி, பரீட்சை முடிந்ததும் பிரிந்துபோனவை.

பயத்தில் சட்டம் போட ஆரம்பித்தேன். பெல் அடித்தபின் யாரும் உள்ளே வரக்கூடாது. நிரூபணத்தில் ‘இது வெளிப்படை’ என்று எழுதினால் மார்க் கிடையாது. கேள்வி எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம், பதில் மறுநாள்தான். “ஒரு நாள் நீங்களே யோசிச்சுப் பாக்கணும்” என்று காரணமும் சொன்னேன். உண்மையான காரணம் ஊரப்பாக்கத்தில் குடியிருந்தது. என்னோடு படித்த சுந்தரம், ஏதோ அரசாங்க ஆபீஸில் குமாஸ்தா, கணக்கில் புலி. சாயங்காலம் செங்கல்பட்டு வண்டியைப் பிடித்து, அன்றைய கேள்விகளோடு அவன் வீட்டில் போய் இறங்குவேன். காப்பியை ஆற்றிக்கொண்டே சிரிப்பான்.

“இதுகூடத் தெரியாமத்தான் பசங்கள மிரட்டிக்கினு இருக்கியாடா?”

மறுநாள் அவன் சொன்னதை என் சொந்த யோசனைபோல நெற்றியைச் சுருக்கிக்கொண்டு சொல்வேன். ஆழ்ந்து சிந்திக்கிற ஆள் என்று துறைக்குள் பேர் வந்துவிட்டது. அந்தப் பேரே வினையானது. துறைத் தலைவர் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். நிரந்தரமா வீடா என்று எழுதப்போகிறவர் அவர்தான். இரண்டு முனையும் சேர்ந்த இடைவெளியில் சீரான தொடர்ச்சி பற்றிய தேற்றத்தைப் போர்டில் எழுதிக்கொண்டிருந்தேன். அவர் மெதுவாகக் கேட்டார்: “இடைவெளியோட ரெண்டு முனையையும் எடுத்துட்டா இந்தத் தேற்றம் நிக்குமா?”

தேற்றம் நிற்பது இருக்கட்டும், என் வேலை நிற்குமா என்றுதான் தோன்றியது. போர்டில் எழுதியதையே அழித்து மறுபடியும் எழுதினேன். அப்போது முன் பெஞ்சில் டேனியல் எழுந்தான். ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து சைக்கிளில் வருகிற பையன்.

“சார், இந்த கிளாஸ்ல கேள்விக்கு நாளைக்குத்தான் பதில். யாருக்கா இருந்தாலும் அதான் ரூல்.”

தலைவர் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அப்ப நாளைக்கும் வரேன்” என்றார்.

அன்று வண்டிக்கு நான் ஓடிய ஓட்டம் எனக்கும் பிளாட்பாரத்துக்கும்தான் தெரியும். மறுநாள், தேற்றம் நிற்காது என்று சொல்லி, எக்ஸின் கீழ் ஒன்று என்பதன் வளைகோட்டை வரைந்து, பூஜ்யத்தை நெருங்க நெருங்க அது எப்படி ஆகாயத்துக்குப் பிய்த்துக்கொண்டு போகிறது, எந்த டெல்டாவுக்கும் ஏன் அடங்காது என்று காட்டினேன். தலைவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். வேலை நிலைத்தது, மாமனாரும் நிஜ மாமனாரானார்.

கல்யாணப் பத்திரிகை கொடுக்கும்போது டேனியலிடம் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

“நீங்க போயிட்டா அடுத்து வர்றவரு எங்கள கேள்வி கேப்பாரு சார்” என்றான்.

சுந்தரம் போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகின்றன. அவன் சொன்னதையே திரும்பத் திரும்ப நடத்தி, கடைசியில் எனக்கும் புரிந்துவிட்டது. இப்போது பையன்கள் சந்தேகத்தையெல்லாம் ட்யூஷன் சென்டரில் தீர்த்துக்கொள்கிறார்கள். பாடம் முடிந்ததும், ஏதாவது கேட்க வேண்டுமா என்கிறேன். எல்லோரும் பையை மூடிக்கொண்டு கதவைப் பார்க்கிறார்கள். பெல் அடிக்கும்வரை கையிலுள்ள சாக்பீஸ் பொடியைத் தட்டிக்கொண்டு நிற்கிறேன். இன்றைக்குக் கேட்டால் இன்றைக்கே சொல்லிவிடுவேன்.