கூட்டுப் பட்டாவில் அழிந்த பேரு

என் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அஞ்சாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது, அதனால்தான் எழுதுகிறேன். நடுநடுவே மறந்தும் போகிறது. ரத்த வாடை மட்டும் மறக்கவில்லை.

எங்களுக்குக் கச்சிராயபாளையம் பக்கம் கரும்புக் கொல்லை. வெட்டுப் பருவத்தில் மலையிலிருந்து ஆட்கள் கூட்டமாக இறங்குவார்கள். யார் கொல்லையில் முதலில் வெட்டுவது என்று எல்லா வருஷமும் அடிதடிதான். ஒருத்தன் வெட்டாட்கள் வரும் வண்டியை மறிப்பான், இன்னொருத்தன் மேஸ்திரி சட்டையைக் கிழிப்பான். முறை தள்ளிப்போனால் கரும்பு பூத்துச் சாய்ந்து சக்கையாகிவிடும். வருஷம் பூராவும் பட்ட பாடு மண்ணாகப் போகும்.

என் மகள் ஒரு மெட்ராஸ் கம்பெனிக்கு வூட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். ஊர்க்காரர்கள் அவளிடம் வந்து, "சண்டை வேணாம்மா. யாருக்கு எப்ப முறைன்னு எல்லாரும் ஃபோன்ல பாக்கற மாதிரி ஒண்ணு பண்ணிக் குடு" என்றார்கள். ஒத்துக்கொண்டாள்.

ஒரு நாள் அவள் தட்டிக்கொண்டிருக்கும்போது, "இன்னாடி பண்ற?" என்று கேட்டேன்.

"ஃபோன்ல பாக்கற பக்கம் ரெடிம்மா. பேரெல்லாம் சேந்து நிக்கற டேட்டாபேஸும் ரெடி. ரெண்டுத்துக்கும் நடுவுல ஒரு அடுக்கு இருக்கு. இங்க தட்டறத வாங்கிக்கினு போயி அங்க வெக்கும். கேட்டா எடுத்தாந்து காட்டும். அதத்தான் பொருத்திக்கினு இருக்கேன்."

"கல்யாணத் தரகன் மாதிரின்னு சொல்லு."

"தரகனாவது பொய் சொல்லுவான். இது வாயே தொறக்காது."

ஒரு ஆளையும் இன்னொரு ஆளையும் பிரித்துத் தெரிந்துகொள்ள அந்த நடு அடுக்குக்கு ஓர் அடையாளம் வேண்டுமாம். பேரை வைக்க முடியாது. எங்கள் ஊரில் குலசாமி பேரைத்தான் வைப்போம், கூப்பிட்டால் பாதித் தெரு திரும்பிப் பார்க்கும். அதனால் பட்டா நம்பரை அடையாளமாக வைத்தாள். அவள் அப்பா செத்த பிறகு என் மகன்கள், அவளுடைய அண்ணன்கள் ரெண்டு பேரும் நிலத்தை வாய்ப்பேச்சில் பிரித்துக்கொண்டார்கள், பட்டாவைப் பிரிக்கவில்லை. கூட்டுப் பட்டா, ஒரே நம்பரில் ரெண்டு பேர். அது அவளுக்கும் தெரிந்ததுதான். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபோது தோன்றவில்லை.

பெரியவன் முதலில் பதிந்தான். அவன் முறை எந்த நாள் என்று ஃபோனில் வந்து நின்றது. அப்புறம் சின்னவன் தன் பங்குக்குப் பதிந்தான். அதே நம்பரைப் பார்த்த நடு அடுக்கு, பழைய ஆள்தான் எதையோ திருத்துகிறான் என்று எடுத்துக்கொண்டு, பெரியவன் பேரின் மேலேயே சின்னவன் பேரை எழுதிவிட்டது. 'சேமிக்கப்பட்டது' என்று பச்சையாகக் காட்டியது. ரெண்டு பேருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

பெரியவனுக்கு வந்திருந்த முறையில் ஆட்கள் சின்னவன் கொல்லையில் இறங்கினார்கள். நான் அவர்களுக்குக் கூழ் கொண்டுபோயிருந்தேன். வரப்பில் பெரியவன் வந்தான், கையில் கரும்புக் கத்தி.

"டேய்! தங்கச்சிய கைக்குள்ள போட்டுக்கினு என் பேர அழிச்சிட்டியாடா?"

"உன் பேர அழிச்சி நான் இன்னா பண்ணப் போறேன்? ஃபோன ஒதறிப் பாரு, மூலையில எங்கனா கெடக்கும்" என்று சின்னவன் சிரித்தான்.

அந்தச் சிரிப்புதான் வினை. கரும்பு மறைத்ததில் அடுத்து நடந்தது எனக்குப் பாதிதான் தெரிந்தது. கழி ஒன்று படீரென்று முறிந்தது. பெரியவன் வாயிலிருந்து பல்லும் ரத்தமும் சேர்ந்து விழுந்தன. கத்தி இறங்கியது. சின்னவன் தோளில் சதை வாய் பிளந்தது. அவன் விழவில்லை, மறு கையால் அண்ணன் குரல்வளையைப் பிடித்தான். வெட்டிய கரும்புக் கட்டைகள் மேல் ரெண்டு பேரும் புரண்டார்கள். கட்டைகள் முதுகைக் கிழித்தன. நான் நடுவில் போய் விழுந்தேன். யார் முழங்கையோ மாரில் இடித்து மூச்சடைத்துப் போனது.

மலை ஆட்களின் மேஸ்திரியம்மாதான் பெரியவன் முடியைப் பிடித்து இழுத்தாள். "ஒரே வயித்துல பொறந்தவனுங்களாடா நீங்க? பன்னிங்க கூட இப்பிடிக் கொதறிக்காது!"

தன் தலைத்துண்டை அவிழ்த்துச் சின்னவன் தோளை இறுக்கிக் கட்டி, பைக்கில் ரெண்டு பேருக்கு நடுவில் உட்காரவைத்துக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். எல்லாரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்ததில் பெரியவனை யாரும் பிடித்து வைக்கவில்லை. கத்தியோடு வூட்டுப் பக்கம் நடந்தான். அங்கே மகள் தனியாக இருந்தாள்.

ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் கதவை உதைத்துத் திறந்திருந்தான். அவள் ஜடையைக் கையில் சுற்றிப் பிடித்து, கழுத்துக்குப் பக்கத்தில் கத்தியை நீட்டிக்கொண்டு நின்றான். அவன் வாய் ரத்தம் அவள் கன்னத்தில் சொட்டியது.

"காட்டுடி. எங்கடி என் பேரு?"

"வெட்டறதுன்னா வெட்டுண்ணா. பாத்துட்டு வெட்டு."

தலை சாய்ந்தபடியே தட்டினாள். பெரியவன் பேரைப் போட்டாள், வந்தது. அதே நம்பரில் சின்னவன் பேரைப் போட்டாள், பெரியவன் போனான். திரும்பப் பெரியவனைப் போட்டாள், சின்னவன் போனான்.

"யாரும் அழிக்கலண்ணா. பின்னால வர்றவன் முன்னால இருக்கறவன் மேல ஏறி உக்காந்துக்கறான். நான் வெச்ச அடையாளந்தான் தப்பு."

"நான் போட்டா அவன் போயிடுவானா?"

"ஆமா."

"இன்னொரு தரம் போடு."

போட்டாள். தம்பி பேர் போவதை வாயைக்கூடத் துடைக்காமல் பார்த்தான். ஜடையை விட்டான். என் பக்கம் திரும்பி, "அவனுக்கு உயிர் இருக்காம்மா?" என்றான்.

உயிர் இருந்தது. ஆஸ்பத்திரியில் போலீஸ் கேட்டதற்குச் சின்னவன், வழுக்கிக் கத்தி மேல் விழுந்தேன் என்று சொல்லிவிட்டான். அந்தக் கை இன்றைக்கும் தோளுக்கு மேல் எழும்பாது. பதிகிற ஒவ்வொருத்தருக்கும் கம்ப்யூட்டரே தனி நம்பர் கொடுக்கிற மாதிரி மகள் மாற்றிவிட்டாள். பெரியவன் கரும்பு பாதி காய்ந்த பிறகுதான் வெட்டுப்பட்டது.

அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. "அவன் கழியால அடிச்ச பொறவுதான் நான் கத்திய ஓங்குனேன்" என்கிறான் பெரியவன். "அவன் கத்திய ஓங்குன பொறவுதான் கழிய எடுத்தேன்" என்கிறான் சின்னவன். ரெண்டு பேரும் என்னைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள். என் காதில் கழி முறிந்த சத்தம்தான் முதலில் விழுந்தது. அதற்கு முன்னால் பெரியவன் கையிலிருந்த கத்தி ஓங்கியிருந்ததா என்று நான் பார்க்கவில்லை. கிட்டத்தில் நின்றவள் அந்த மேஸ்திரியம்மா. அதற்கப்புறம் அவள் எங்கள் பக்கம் வெட்டுக்கு இறங்கவில்லை. கல்வராயன் மலைக்குப் போகிறவர்கள் யாராவது அவளைக் கண்டால் கேட்டுப் பார்த்து, நான் எழுதியதில் தப்பிருந்தால் திருத்துங்கள்.