சீல் பிரிக்காத பதினேழாம் எண் கத்தி

என் அக்கா வெர்லீன் யாரைப் பார்த்தாலும் சீக்கிரமே கேட்டுவிடும் கேள்வி ஒன்று உண்டு: "பையில என்ன கத்தி வச்சிருக்க?" மளிகைக் கடை வரிசையில் முன்னால் நிற்பவரிடம் கேட்பாள். புதிதாக வந்த பாதிரியாரிடம் கேட்டிருக்கிறாள். என் மனைவியை நான் முதன்முதலாக வீட்டுக்கு அழைத்து வந்த அன்று, அவளுடைய அப்பா என்ன கத்தி வைத்திருக்கிறார் என்று விசாரித்த பிறகுதான் காபி ஊற்றினாள். எங்கள் கென்டகி மலைப்பக்கத்தில் இது கேட்கக் கூடாத கேள்வி இல்லை. பெரும்பாலான ஆண்களின் பையில் ஒரு மடக்குக்கத்தி இருக்கும், கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். காட்டிய பிறகு அக்கா செய்வதுதான் யாரும் செய்யாதது.

கத்தியை வாங்கி, திறந்து, அலகை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பாள். பிறகு சொல்லத் தொடங்குவாள். "நீ இடதுகைக்காரன். ஆப்பிளைத் தோல் சீவாம சாப்பிட மாட்ட. பெயின்ட் டப்பா மூடிய இத வச்சு நெம்பியிருக்க, இது உங்கப்பாவுக்குத் தெரியாது." பெரும்பாலும் சரியாக இருக்கும். தவறாகப் போனால் அவளுக்கு இன்னும் சந்தோஷம். அப்படியானால் அந்தக் கீறல் எப்படி வந்தது என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்கலாமே.

கடைசியில் தானே மடக்கித் திருப்பித் தருவாள். கத்தியைத் திறந்தவர்தான் மூட வேண்டும். இன்னொருவர் மூடினால் இருவருக்கும் ஆகாது என்று இங்கே எல்லோரும் நம்புகிறோம், நம்பாதவர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். பாதியில் தொலைபேசி அடித்தால், ஊரார் கத்தியைத் திறந்தபடியே கையில் பிடித்துக்கொண்டு போய்ப் பேசிவிட்டு வருவாள்.

அக்கா ஆரம்பப் பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்தாள். அவள் கணவர் டாய்ல் நிலக்கரி லாரி ஓட்டினார். எங்கள் மாவட்டத்தின் கத்தி சங்கத்தை ஆரம்பித்தவர்களில் அவரும் ஒருவர். மொத்தம் நாற்பது உறுப்பினர்கள், ஆளுக்கு ஒரு எண். வருடத்துக்கு ஒருமுறை பென்சில்வேனியாவில் இருக்கும் ஒரு கம்பெனி சங்கத்துக்கென்று நாற்பது கத்திகள் மட்டும் செய்து அனுப்பும். ஒவ்வொன்றிலும் உறுப்பினரின் எண் பொறித்திருக்கும். டாய்லின் எண் பதினேழு. எந்த வருடக் கத்தியை வாங்காமல் விட்டாலும் எண் போய்விடும், காத்திருப்பவர்களில் முதலாமவருக்கு அது சேரும்.

டாய்ல் இறந்தபோது எண் அக்காவுக்கு வந்தது. பெண்களைச் சேர்ப்பதா என்று ஒரு கூட்டம் முழுக்கப் பேசினார்கள். தலைவர் எஸ்டெல் ரட், எண் ஆளுக்குரியது அல்ல, வீட்டுக்குரியது என்று சொல்லி முடித்துவைத்தார். அக்கா அன்று கொண்டுபோயிருந்த ஆப்பிள் பை பலகாரத்துக்கும் அதில் பங்கு உண்டு.

அந்த வருடக் கத்தி அடக்கம் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தது. அட்டைக்குழல், மூடியின் குறுக்கே சிவப்புக் காகித சீல். அக்கா அதைப் பிரிக்காமல் மாவு டின்னுக்குப் பின்னால் வைத்தாள். அதன் பிறகு வந்த கத்திகளை எல்லாம் வந்த அன்றே பிரித்து, ஒரு வருடம் முழுக்க ஏப்ரன் பையில் வைத்துக் காய் நறுக்குவாள், சாக்கு அறுப்பாள். இது மட்டும் ஏன் பிரிக்கப்படவில்லை என்று கேட்டேன். "அது டாய்ல் ஆர்டர் குடுத்தது" என்றாள்.

அந்தக் காலத்தில் சங்கக் கத்தி ஒன்று குழந்தைகளின் ஷூ ஜோடி விலைதான். பிறகு கம்பெனிக்காரர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. 'நாற்பது மட்டுமே, மீண்டும் செய்யப்படாது' என்று குழலின் மேல் தங்க எழுத்தில் அச்சடித்தார்கள். விலை ஏறியது. ஏற ஏற வெளியூர்க்காரர்கள் காத்திருப்போர் வரிசைக்கு வந்தார்கள், அவர்கள் வர வர விலை இன்னும் ஏறியது.

எங்கள் ஆட்கள் அதை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். எஸ்டெல் ஒவ்வொரு வருடமும் இதுதான் கடைசி, இனி ஒரு காசு தர மாட்டேன் என்று எழுந்து நின்று சொல்வார், பிறகு முதல் ஆளாகப் பணம் கட்டுவார். சுரங்கத்தில் எலெக்ட்ரீஷியனாக இருந்த ஹோபர்ட் சைஸ்மோர் ஒருமுறை கத்தியை வாங்கிய கையோடு, வண்டி நிறுத்துமிடத்திலேயே ஒரு வெளியூர்க்காரருக்கு இரட்டை விலைக்கு விற்றுவிட்டார். ஒரு மாதம் யாரும் அவரோடு பேசவில்லை. பிறகு ஒவ்வொருவராகத் தனியே போய் அந்த வெளியூர்க்காரரின் தொலைபேசி எண்ணைக் கேட்டார்கள். முன்பெல்லாம் கூட்டத்தில் கத்திகள் கைக்குக் கை போகும், ஆப்பிள் பலகாரத் துணுக்குகளும் கூடவே போகும். பிறகு பருத்திக் கையுறை வந்தது. அதன் பிறகு மூடிய குழலை மட்டும் சுற்றிவிட்டார்கள்.

"என்ன எஸ்டெல், இது கத்தியா கோழிமுட்டையா? கையில எடுத்தா உடைஞ்சிருமா?" என்று அக்கா கேட்டாள்.

"கத்தி உடையாதும்மா. விலை உடைஞ்சிரும்."

சங்கத்தின் முப்பதாம் வருடத்துக்கு மான்கொம்புப் பிடி போட்ட கத்தி என்று முடிவானது. விலையைக் கேட்டுவிட்டு அக்கா, "இதுக்கு ஒரு கன்னுக்குட்டி வாங்கலாம். அது வளரவாவது செய்யும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றிருந்த அவளால் அதைக் கட்ட முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். மே மாதக் கூட்டத்துக்குள் கட்டாவிட்டால் பதினேழு போய்விடும்.

வரிசையில் முதலில் இருந்தவர் லெக்சிங்டன் பல் மருத்துவர் பிரெஸ்டன் ஆம்ப்ளர். சுரங்கம் மூடி லாரி நின்றிருந்த காலத்தில் டாய்ல் தன் ஆரம்ப வருடக் கத்திகளை விற்றிருந்தார். அவை கைமாறிக் கைமாறி இவரிடம் சேர்ந்திருந்தன. எல்லாமே பதினேழாம் எண். அந்தத் தொகுப்பை முழுமையாக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. மாவு டின்னுக்குப் பின்னால் சீல் பிரிக்காமல் ஒன்று இருக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்ன விலை, முப்பதாம் வருடக் கத்தியை வாங்கப் போதும், அடுத்த வருடத்துக்கும் மிஞ்சும்.

எனக்கு ஒன்று புரியவில்லை. அந்தக் குழலை அவர் வாங்கினால் அக்காவுக்குப் பணம் கிடைக்கும், எண் அவளிடமே நிற்கும். இவர் வரிசையில் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். பின்னாளில் அவரிடமே கேட்டேன். எண்ணுக்குக் காத்திருக்கலாம், சீல் பிரியாத கத்திக்குக் காத்திருக்க முடியாது, யாராவது பிரித்துவிடுவார்கள் என்றார்.

அக்கா விற்கச் சம்மதித்தாள்.

மே மாதக் கூட்டம் தீயணைப்பு நிலையக் கூடத்தில் நடந்தது. பீன்ஸ், சோள ரொட்டி, காபி. ஆம்ப்ளர் சலவைச் சட்டையில் வந்து, அக்காவின் எதிரில் உட்கார்ந்து, பூதக்கண்ணாடி வைத்து சீலின் ஓரங்களைப் பார்த்தார். திருப்தி என்று தலையாட்டினார்.

"உள்ள கத்தி இருக்கான்னு பாக்க வேணாமா டாக்டர்?" என்றாள் அக்கா.

"சீல் இருக்கே. அது போதும்."

"வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாப்பீங்க."

"இல்லம்மா. பிரிச்சா பாதி விலை போயிரும். கண்ணாடி அலமாரியில வைப்பேன். எனக்கப்புறம் என் பையன் வச்சிருப்பான்."

"அவன் பாப்பானா?"

"அவனும் விஷயம் தெரிஞ்சவன்தான்."

"ஆக, யாருமே பாக்கப் போறதில்ல." அக்கா ரொட்டியில் ஒரு துண்டைப் பிட்டாள். பிறகு தன் வழக்கமான கேள்வியைக் கேட்டாள். "சரி, உங்க பையில என்ன கத்தி?"

அவர் கை தானாகப் பைக்குப் போனது. சாவியையும் கைப்பேசியையும் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது. "நான் கையோட வச்சுக்கறதில்ல."

கத்தி சங்கத்துக்கு ஒரு மனிதர் கத்தி இல்லாமல் வந்திருக்கிறார். ஹோபர்ட் காபிக் கோப்பையை வாய்க்குப் பாதி வழியில் நிறுத்திவிட்டார். அக்காவின் முகத்தில் கேலி இல்லை. அவள் இதுவரை பார்க்காத ஏதோ ஒன்றைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தாள்.

"யாராச்சும் ஆப்பிள் குடுத்தா என்ன பண்ணுவீங்க?"

"கடிப்பேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். நல்ல மனிதர்தான்.

அக்கா ஒரு நிமிடம் என்று கை நீட்டினாள். அவர் குழலைக் கொடுத்தார். பக்கத்தில் இருந்த எனக்கு அவள் கட்டைவிரல் நகம் சீலின் ஓரத்துக்குப் போவது தெரிந்தது. "அக்கா, வேணாம். பதினேழு போயிரும்" என்றேன், மெதுவாக.

"டேய் கார்லிஸ், உள்ள என்ன இருக்குன்னு உனக்குத் தெரிஞ்சுக்கணும்னு இல்லையா?"

இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவள் கிழித்தாள். அவ்வளவு சின்னச் சத்தத்துக்கு அத்தனை பேர் மூச்சை இழுத்ததை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய கத்தி. எண்ணெய் எப்போதோ காய்ந்து காகிதம் சருகாகியிருந்தது. மஞ்சள் எலும்புப் பிடி, அதன் மேல் பதினேழு. அலகு திறக்கவில்லை. அக்கா வெண்ணெய்த் தட்டை இழுத்து, விரல் நுனியில் தொட்டு, மூட்டில் தடவினாள். ஆம்ப்ளர் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த முயற்சியில் அலகு திறந்தது.

அலகின் நடுவில், செம்பழுப்பு நிறத்தில், ஒரு கட்டைவிரல் ரேகை. முழு ரேகை, ஒரு கோடு விடாமல். கம்பெனியில் யாரோ வேர்த்த கையால் பிடித்துச் சுற்றி மூடியிருக்கிறார்கள். அந்த வேர்வை இத்தனை வருடமும் சீலுக்குள்ளேயே இருந்து எஃகைத் தின்றிருக்கிறது.

அக்கா எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டாள். "வலது கை. சின்னக் கை, பொம்பளை கையா இருக்கும். நடுவுல ஒரு வெட்டுத் தழும்பு இருக்கு பாரு. சரியான வெயில் காலத்துல பேக் பண்ணியிருக்கா." தன் கட்டைவிரலை ரேகையின் பக்கத்தில், அதன் மேல் படாமல், வைத்துப் பார்த்தாள். அந்த மேசையில் தன் எண்ணை இழந்தவள் அவள்தான். இருந்தும் அங்கே சந்தோஷமாக இருந்த ஒரே ஆளும் அவள்தான்.

மற்றவர்கள் தங்கள் வீட்டு அலமாரிகளை நினைத்துக்கொண்டிருந்தார்கள். அதே வருடத்துக் குழல்கள் சீலோடு பல வீடுகளில் இருந்தன.

"எல்லாத்துலயும் இப்படி இருக்குமோ?" என்றார் எஸ்டெல்.

"பிரிச்சாத்தான் தெரியும்" என்றார் ஹோபர்ட்.

"பிரிச்சா போச்சேடா."

காபி ஆறும்வரை இதையே பேசினார்கள். பிறகு நடந்ததெல்லாம் எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரிய வந்தது. சிலர் வீட்டில் பிரித்துப் பார்த்துவிட்டு, பிரிக்கவில்லை என்றார்கள். ஒருவர் அந்த வாரமே விற்றுவிட்டார். எஸ்டெல் தன் குழலை மாட்டு வைத்தியரிடம் எடுத்துப்போய் எக்ஸ்ரே எடுத்தார். கத்தி தெரிந்தது, துரு தெரியவில்லை. பிரித்தவர்கள் பிரித்துவிட்டதால் பிரிக்காதவை குறைந்துபோய், அவற்றின் விலை முன்பைவிட ஏறியது. அக்கா இதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் சிரித்தாள்.

அன்று ஆம்ப்ளர் அந்தக் கத்தியை வாங்கவில்லை. மன்னிக்க வேண்டும் என்றார்.

"பிரிச்சது நான். நீங்க ஏன் மன்னிப்புக் கேக்கறீங்க?" என்ற அக்கா, எழுந்துபோய் எஸ்டெலிடம், எண்ணை அடுத்தவருக்குக் கொடுக்கச் சொன்னாள். வாசலில் ஆம்ப்ளரை நிறுத்தி, "டாக்டர், பதினேழு பைக்குள்ளயே இருந்து பழகினது. அலமாரியில போட்டா அதுக்கு ஒண்ணும் புரியாது" என்றாள். அவர் சிரித்தார்.

அதன் பிறகும் அக்கா கூட்டங்களுக்கு வந்தாள், அதே நாற்காலி, அதே ஆப்பிள் பலகாரம். ரேகைக் கத்தி அவள் ஏப்ரன் பையிலேயே இருந்தது. ரேகை அழியாதிருக்க, அதிலிருந்த இன்னொரு சின்ன அலகை மட்டும் பயன்படுத்துவாள். கம்பெனிக்குப் பலமுறை தொலைபேசியில் பேசி, அந்தக் கோடையில் பேக்கிங்கில் இருந்தவர்கள் யார் என்று கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. மருத்துவமனையில் கடைசி வாரத்தில்கூட, ஊசி போட வந்த நர்ஸிடம், உன் வீட்டுக்காரர் என்ன கத்தி வைத்திருக்கிறார் என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.

அக்காவின் அடக்கம் முடிந்து சர்ச்சில் சாப்பாடு நடந்தது. ஆம்ப்ளர் லெக்சிங்டனிலிருந்து வந்திருந்தார். அந்தக் கேள்வியைக் கேட்க இனி ஆளில்லை என்பதால் நானே கேட்டேன். "பையில என்ன கத்தி டாக்டர்?"

அவர் யோசிக்காமல் கையை விட்டு எடுத்துக் கொடுத்தார். முப்பதாம் வருடத்துக் கத்தி, பதினேழாம் எண். மான்கொம்பின் சொரசொரப்பு ஒரு பக்கம் வழவழத்துப் போயிருந்தது. அலகைத் திறந்து ஜன்னல் பக்கம் சாய்த்தேன். நுனி சற்றே மெலிந்திருந்தது. அடியில் ஒரு கறுப்புக் கோடு.

"பென்சில் சீவுவீங்களோ?"

"இல்லையே." அவர் கத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவங்ககிட்ட காட்டணும்னு நினைச்சேன். அடுத்த மாசம், அடுத்த மாசம்னு தள்ளிப் போட்டுட்டேன். அவங்களா இருந்தா சரியாச் சொல்லியிருப்பாங்க."

"தப்பாவும் சொல்லியிருப்பா" என்றேன். "அப்ப இந்தக் கறுப்புக் கோடு எப்படி வந்தது?"

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சொல்ல ஆரம்பித்தார். உள்ளே பாத்திரம் தூக்க யாரோ என்னைக் கூப்பிட்டார்கள். போகவில்லை. திறந்தது நான், மூட வேண்டியதும் நான்தான். அவர் சொல்லி முடிக்கட்டும் என்று அலகைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டு கேட்டேன்.