அப்பா தீர்ப்புச் சொல்லாத ஏழாம் கிண்ணம்

பழவங்காடித் தேநீர்க் கடைகளில் யாராவது சாயாவைச் சர்ரென்று உறிஞ்சினால் இன்னும் திரும்பிப் பார்க்கிறேன். அப்பா அப்படித்தான் உறிஞ்சுவார்கள். வாயெல்லாம் சுழற்றித் துப்பிவிட்டு, எந்த மலை, எந்த மழை என்று சொல்லிவிடுவார்கள்.

பொன்முடித் தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவர்கள். இலை வாட்டும் தளத்தில் நின்று நின்று, நகரத்து ஏற்றுமதி அலுவலகத்தில் தேயிலை ருசி பார்ப்பவராக உயர்ந்தார்கள். வெளிநாட்டு வியாபாரிக்கும் இங்குள்ள தோட்டத்துக்கும் தரத்தில் தகராறு வந்தால், நடுவர் மூவரில் ஒருவராக அப்பாவை அழைப்பார்கள். விற்றவர் யார், வாங்கியவர் யார் என்று நடுவர்களுக்குச் சொல்லமாட்டார்கள். கிண்ணத்தில் எண் மட்டும் இருக்கும்.

ஒருமுறை ஏழாம் கிண்ணத்தை உறிஞ்சியதும் கரண்டியை வைத்துவிட்டார்கள். "இது நான் பிறந்த தோட்டம். என் தங்கை இன்றும் அங்கே கொழுந்து கிள்ளுகிறாள். நான் தீர்ப்புச் சொல்லக் கூடாது" என்று எழுதிக்கொடுத்து எழுந்துவிட்டார்கள். நல்ல சரக்கு என்று நாக்குக்குத் தெரிந்தும் எழுந்துவிட்டார்கள்.

அந்த நாற்காலியில் அடுத்து உட்கார்ந்தவர், வாங்கிய கம்பெனியிலேயே பல வருடம் சம்பளம் பெற்றவர். பின்னால்தான் தெரிந்தது. கேட்டதற்கு, "பெயரைத்தான் மறைத்திருந்தார்களே, எனக்கென்ன தெரியும்?" என்றாராம். அவரை யாரும் ஒன்றும் செய்யவில்லை. சரக்கு மட்டம் என்று தீர்ப்பானது. தோட்டத்துத் தொழிற்சாலை மூடியது. அத்தைக்கு வேலை போனது.

அத்தை பஸ் பிடித்து இறங்கி வந்தார்கள். வீட்டுக்குள் வரவில்லை.

"அண்ணே, வாயை மூடிட்டு அந்தச் சாயாவைக் குடிக்கப்படாதா? ஒன் நாக்கு என்ன, ஹைகோர்ட்டா?"

"தெரிஞ்ச பொறவு தெரியாதுன்னு எப்படிப் பிள்ளே கையெழுத்துப் போடுவேன்?"

"நீ நேர்மையா இரு. நாங்க பட்டினி கெடக்கோம்."

அதோடு அத்தை வருவது நின்றது.

நேர்மையானவர் எழுந்து போனால் அந்த இடம் காலியாகக் கிடப்பதில்லை. கூசாதவர் வந்து உட்கார்ந்துகொள்கிறார். அந்த மனிதரை நான் மன்னிக்கவில்லை. அப்பாவின் படம் போட்ட இந்த நினைவு மலரிலும் மன்னிக்க மனம் வரவில்லை.

கடைசி மாதங்களில் அப்பாவைத் தூக்கி உட்காரவைத்த நர்ஸ் சேச்சிக்கும், கஞ்சி கொண்டுவந்த எதிர்வீட்டாருக்கும், பதினாறாம் நாள் வந்து மூலையில் உட்கார்ந்து அழுத அத்தைக்கும் எங்கள் நன்றி.

அப்பா போவதற்கு முந்தின நாள் கேட்டேன்: "அன்னிக்குச் சும்மா இருந்திருக்கலாம்லப்பா?"

கூரையைப் பார்த்தபடி சொன்னார்கள்:

"இருந்திருந்தா ஜெயிச்சிருப்போம். எனக்குத் தெரியும்... அவளை போன்ல விளி பிள்ளே. வந்து ரெண்டு ஏச்சு ஏசிட்டுப் போகட்டும்."