மிஸ்டர் பெங் வாய் திறந்த மதியம்

போன வாரம் என் புண்ணியத்தில் ஒரு சர்வதேச அவமானம் நடந்திருக்க வேண்டியது. மயிரிழையில் தப்பினோம்.

எங்கள் மாடி வீட்டு மிஹிர்தா, டாலிகஞ்ச் ஸ்டூடியோவில் சவுண்ட் எடிட்டர். கொல்கத்தாவில் திரைப்பட விழா வந்துவிட்டால் மட்டும் வெளிநாட்டு விருந்தினர்களைக் கவனிக்கிற பொறுப்பு. புதன்கிழமை காலை லேக் மார்க்கெட்டில் வாழைப்பூ வாங்கிக்கொண்டு திரும்புகிறேன் — மனிதர் படிக்கட்டில் உட்கார்ந்து தலையில் கை வைத்திருக்கிறார்.

"பௌதி, நான் செத்தேன்!" என்றார். பௌதி என்றால் வங்காளிகளுக்கு அண்ணி.

விஷயம் இதுதான். தைவானிலிருந்து மிஸ்டர் பெங் என்று ஒரு மூத்த நடிகர் வந்திருக்கிறார். நாற்பது வருட சினிமா. அன்று மதியம் அவரோடு மேடையில் கேள்வி-பதில். அவருக்கோ ஆங்கிலம் சுத்தமாக வராது. மொழிபெயர்க்க வேண்டிய சீன மொழிப் பேராசிரியருக்கு அம்மை போட்டுவிட்டது.

"சீன மொழிதானே? எனக்கு ஆள் தெரியுமே!"

சொன்னது யார்? நான்தான். என் வாய் இருக்கிறதே...

நான் நினைத்தது ரோஸியை. கரியாஹாட்டில் பியூட்டி பார்லர் வைத்திருப்பவர். கொல்கத்தாவில் சீனக் குடும்பங்கள் வாழும் டாங்ராவில் பிறந்து வளர்ந்தவர். ஆறு வருஷமாக என் தலைமுடி அவர் பொறுப்பு. அம்மாவிடம் போனில் அவர் சீன மொழியில் பேசுவதை இந்தக் காதால் கேட்டிருக்கிறேன். வேறென்ன வேண்டும்?

போன் போட்டேன். "தீதி, அது வந்து..." என்று இழுத்தார். நான் விடுவேனா? நடிகர், மேடை, மைக் என்று ஆசை காட்டினேன். சரி என்றுவிட்டார்.

உண்மை வெளியே வந்தது டாக்சியில்.

"தீதி, எங்க வீட்டில பேசறது ஹக்கா. அவர் படங்களெல்லாம் மாண்டரின். ரெண்டும் வேற வேற. உங்களைப் பஞ்சாபிக்கு மொழிபெயர்க்கச் சொன்னா எப்படி இருக்கும்?"

"கொஞ்சம்கூட வராதா?"

"நாலாம் கிளாஸ் வரைக்கும் ஸ்கூல்ல படிச்சேன். 'வணக்கம் டீச்சர்' வரும்."

"அப்புறம் ஏம்மா வர்றேன்னு சொன்னீங்க?"

"முதல்ல ஆசைல சொல்லிட்டேன். அப்புறம் வீட்டில எல்லாருக்கும் சொல்லிட்டேன். இருபது பேர் வேன் பிடிச்சு வர்றாங்க, தீதி. இனிமே எப்படி வராம இருக்கறது?"

நியாயம்தான். இருபது சொந்தக்காரர்கள் முன்னால் மானம் போவதா, இருநூறு அந்நியர்கள் முன்னால் போவதா என்று கேட்டால், நானும் டாக்சியில்தான் ஏறியிருப்பேன்.

மேடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. மிஸ்டர் பெங் ஒல்லியாக, முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். முகத்தில் ஒரு ஈ உட்கார்ந்தால்கூட அசையாத அமைதி. ரோஸி அந்த 'வணக்கம் டீச்சர்' வாக்கியத்தில் டீச்சரை மட்டும் வெட்டிவிட்டு, வணக்கம் சொன்னார். அவர் பதிலுக்கு ஏதோ நீளமாகச் சொன்னார். ரோஸி திருதிருவென்று விழித்தார். மிஹிர்தா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

ரோஸி தலையைக் குனிந்துகொண்டு தனக்குத்தானே ஏதோ முணுமுணுத்தார்.

அவ்வளவுதான்! மிஸ்டர் பெங் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். ஏதோ கேட்டார். ரோஸி பதில் சொன்னார். அவர் இன்னும் சத்தமாகக் கேட்டார். இவர் இன்னும் சத்தமாகச் சொன்னார். அடுத்த நிமிஷம் இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, ரயில் நிலையத்தில் சந்தித்த சம்பந்திகள் மாதிரி கத்திக்கொண்டிருந்தார்கள்.

"என்ன ஆச்சு? என்ன ஆச்சு?" என்று நாங்கள்.

"ஐயோ, இன்னிக்கு என் மானம் கப்பலேறப் போகுதேன்னு ஹக்கால புலம்பினேன். இவர், 'நீ யார் வீட்டுப் பொண்ணு'ங்கறார். தீதி, இவரும் ஹக்கா!"

அதிர்ஷ்டத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா?

அரங்கம் நிறைந்திருந்தது. முதல் கேள்வி, ஜோல்னாப் பை மாட்டிய ஒரு தாடிக்காரரிடமிருந்து. "உங்கள் பிற்காலப் படங்களில் நீங்கள் பேசுவதே இல்லை. அந்த மௌனம் அதிகாரத்துக்கு எதிரான குரலா? அல்லது இருத்தலின் வெறுமையா?"

ரோஸி ஒரு கணம் யோசித்தார். பிறகு ஹக்காவில் மூன்றே வார்த்தை கேட்டார். என்ன கேட்டார் என்று அப்புறம் எனக்குச் சொன்னார் — "ஏன் பேசமாட்டேங்கறீங்க?"

மிஸ்டர் பெங் மைக்கைப் பிடித்தவர், விடவில்லை.

பத்தொன்பது வயதில் வாள்சண்டைப் படங்களில் கூரையிலிருந்து விழும் ஆளாகச் சேர்ந்தாராம். அழகாக விழுந்ததால் வில்லன் ஆக்கினார்கள். வில்லன் என்றால் வசனம் பேச வேண்டுமே? மலைக்கிராமத்து ஹக்கா வாடையோடு மாண்டரின் பேசினார். யூனிட்டே சிரித்தது. வேறொருவரை டப்பிங் பேச வைத்தார்கள். இருபது வருஷம் அதே ஆள்! கடைத்தெருவில் ரசிகர்கள் 'அந்த வசனத்தைப் பேசுங்க' என்று சூழ்ந்துகொண்டால், தொண்டை கட்டியிருக்கிறது என்று இருமிக் காட்டுவாராம்.

அப்புறம் படப்பிடிப்பிலேயே ஒலியைப் பதிவு செய்கிற புது டைரக்டர்கள் வந்தார்கள். தைபே நகரத்துப் பெரிய ஆபீசராக நடிக்கச் சொன்னார்கள். வாயைத் திறந்தால் கிராமம் வந்தது. டைரக்டர் வசனத்தை எல்லாம் வெட்டிவிட்டு, "நீங்க பேசாம ஜன்னலைப் பாருங்க" என்றாராம்.

"பார்த்தேன். விருது கொடுத்தாங்க."

கடைசி இரண்டு வரிசைகள் வெடித்துச் சிரித்தன. ரோஸியின் சொந்தங்கள்! மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள் — என்ன ஜோக், சொல்லுங்களேன் என்கிற ஏக்கத்தோடு. ரோஸி வங்க மொழியில் சொன்னதும் மொத்த அரங்கமும் அதிர்ந்தது. தாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது பின்வரிசையிலிருந்து ரோஸியின் மாமா, தோல் பதனிடும் பட்டறையில் உழைத்து ஓய்ந்தவர், எழுந்து ஏதோ கத்தினார். மிஸ்டர் பெங் திகைத்து நின்றார்.

"அந்த வில்லன் வசனத்தை நம்ம பாஷைல சொல்லுங்கங்கறார் மாமா" என்றார் ரோஸி.

நாற்பது வருஷத்தில் யாரும் அவரை அப்படிக் கேட்டதில்லையாம். மைக்கைக் கீழே வைத்தார். சொன்னார். கரகரவென்று, கொஞ்சம் மூக்கால் பேசுகிற குரல். சொல்லி முடித்து, கற்பனை வாளை வயிற்றில் வாங்கிக்கொண்டு, இரண்டு சுற்று சுற்றி மேடையில் மல்லாக்க விழுந்தார். மிஹிர்தா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓடினார். விழுந்தவரோ படுத்தபடியே சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணோரம் ஈரத்தோடு.

மாமா மறுபடி கத்தினார். ரோஸி மொழிபெயர்த்தார். "அந்த டப்பிங்காரனைவிட இது நல்லா இருக்காம்."

கைதட்டல் ஓய எவ்வளவு நேரமாயிற்று என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

நமக்கென்ன இது புதுசா? எத்தனை கதாநாயகிகளின் குரலில் உருகியிருப்போம். அந்தக் குரல் ஏதோ ஒரு கண்ணாடி அறையில் நின்ற வேறொரு பெண்ணுடையது. அந்தப் பெண்ணை நினைத்து நான் அவ்வப்போது வருத்தப்பட்டதுண்டு. வாயசைத்துவிட்டு வீட்டுக்குப் போனவளை ஒரு நாளும் நினைத்ததில்லை. அவளுக்கும் ஒரு குரல் இருந்திருக்குமே?

விழாக்குழுவின் தேநீர் விருந்து அப்படியே ஆறிப்போனது. மிஸ்டர் பெங் டாங்ராவுக்குச் சாப்பிடப் போவதாக அறிவித்து, இருபது சொந்தங்களோடு வேனில் ஏறிவிட்டார். ஏறியவர் என்னைக் காட்டி, இவர் பாஷை என்ன என்று கேட்டார். தமிழ் என்றேன். ஏதாவது பேசிக் காட்டச் சொன்னார்.

வாரா வாரம் இந்தப் பக்கத்தை நிரப்புகிறவள்தானே நான்? ஒரு வார்த்தை வரவில்லை. கடைசியில், "சாப்டீங்களா?" என்றேன்.

ரோஸி அர்த்தம் சொன்னதும் மனிதர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். அவர்கள் ஊரிலும் பார்த்தவுடன் இதைத்தான் கேட்பார்களாம்.

வேன் கிளம்பியது. தெருமுனை திரும்பும்வரை ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, போகிற வருகிற வங்காளிகளையெல்லாம் அவர் விசாரித்துக்கொண்டே போனார் — "சாப்தீங்களா! சாப்தீங்களா!"

டப்பிங் இல்லாமல்.